விறகுக்கடையில் தொடங்கும் கடைசல்: வீட்டில் மரம் கடையப் பழகுகிறவர்களுக்கு

மோர் கடைகிறோம், கீரை கடைகிறோம், மரமும் கடைகிறோம். பழைய கடைசல் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு ஏன் ஒரே சொல் என்று விளங்கும். ஒருவர் கயிற்றை மாறி மாறி இழுக்க, மத்தைப் போலவே மரம் முன்னும் பின்னும் சுழலும். எதிரே உட்கார்ந்திருப்பவர் உளி பிடிப்பார். மோட்டார் வந்ததும் கயிறு போய்விட்டது, சொல் மட்டும் தங்கிவிட்டது.

மதுரையில் "லேத் எங்கே இருக்கு?" என்று கேட்டால் இரும்பு கடையும் பட்டறைக்குத்தான் கையைக் காட்டுவார்கள். மரத்துக்கு "கடைசல் பட்டறை" என்று கேட்க வேண்டும். கட்டில் கால், தொட்டில் கம்பு, மாடிப்படிக் கைப்பிடித் தூண் எல்லாம் அங்கேதான் உருவாகின்றன. இயந்திரம் வாங்கும் முன் அப்படி ஒரு பட்டறையில் அரை நாள் நின்று பாருங்கள். நான் அதைச் செய்யாமல் நேரே இயந்திரம் வாங்கினேன். தகட்டை மடித்துச் செய்த மலிவான ஒன்று. மூன்று அங்குலக் கட்டையை மாட்டியதும் மேஜையோடு சேர்ந்து நடக்கத் தொடங்கிவிட்டது. ஆறு மாதம் போர்வை போர்த்திக் கிடந்தது, அப்புறம் பழைய இரும்புக்குப் போனது.

இயந்திரமும் அது நிற்கும் இடமும்

இரண்டாவது முறை மூன்றே விஷயம் பார்த்தேன். முதலாவது, படுகை, அதாவது மற்ற பாகங்கள் உட்காரும் அடிச்சட்டம், வார்ப்பிரும்பாக இருக்க வேண்டும். கனம் இருந்தால்தான் அதிர்வு அடங்கும். அடுத்து, வேகத்தை மாற்ற வசதி வேண்டும். பெல்ட்டைப் புல்லிக்குப் புல்லி மாற்றுவதும் சரி, மின்னணுக் குமிழ் இருந்தால் இன்னும் வசதி. கடைசியாக, மரம் மாட்டும் அச்சின் மரை. மரத்தை ஒரு முனையில் கவ்விப் பிடிக்கும் நான்கு தாடை சக் பின்னால் வாங்குவீர்கள். அதன் மரையும் இயந்திரத்தின் மரையும் பொருந்தாவிட்டால் இரண்டும் தனித்தனியாக அலமாரியில் உட்கார்ந்திருக்கும். அப்படி மாட்டிக்கொண்டாலும் நம்மூரில் வழி இருக்கிறது. இரும்பு லேத் பட்டறையில் இரண்டையும் கொடுத்தால் நடுவில் ஒரு இணைப்பு கடைந்து தருவார்கள்.

வீட்டுக்கு அரைக் குதிரைத்திறன் மோட்டாரும், இரு முனைகளுக்கிடையே ஒன்றரை அடி இடமும், பத்து அங்குல விட்டம் வரை சுழலும் அளவும் போதும். அச்சின் மையம் உங்கள் முழங்கை உயரத்தில் இருக்கும்படி மேஜை அமையட்டும். தாழ்வாக இருந்தால் அன்றிரவே இடுப்பு சொல்லிவிடும். மேஜையின் கீழ்த்தட்டில் இரண்டு மூட்டை மணல் வைத்தால் அசையாது. எனக்கு இடம் மாடிப்படிக்கு அடியில்.

மின்சாரத்தில் ஒரு பழக்கம் கட்டாயம் வேண்டும். கரண்ட் போனால் முதல் வேலையாக சுவிட்சை அணையுங்கள். சாதாரண சுவிட்சாக இருந்தால், நீங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் கரண்ட் திரும்பி வந்து, யாரும் இல்லாத அறையில் இயந்திரம் தானே ஓடத் தொடங்கும். மின்சாரம் போனால் தானே விழுந்துவிடும் சுவிட்ச் கிடைக்கிறது. எலக்ட்ரீஷியனிடம் சொல்லி அதையே மாட்டிக்கொள்வது நல்லது. எர்த் இல்லாத பிளக்கில் செருகவே செருகாதீர்கள்.

உடை

வேட்டி கூடாது. மடித்துக் கட்டினாலும் கூடாது. கைலி, துண்டு, துப்பட்டா, தொங்கும் பின்னல், கழுத்துச் சங்கிலி, மணிக்கட்டில் கட்டிய சாமி கயிறு எதுவும் சுழலும் மரத்தின் பக்கம் வரக் கூடாது. கையுறையும் அப்படித்தான். பாதுகாப்பு என்று நினைத்துப் போடுவோம், மரம் அதைப் பிடித்தால் விரலையும் சேர்த்தே இழுக்கும். முகம் முழுவதையும் மூடும் கண்ணாடிக் கவசமும் தூசிக்கு முகமூடியும் வேண்டும். கால்சட்டை, அரைக்கைச் சட்டை, மூடிய செருப்பு. சித்திரை மாதத்தில் இந்தக் கோலத்தில் நிற்பது கொடுமைதான். நான் காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்துக்கொள்வேன்.

உளியும் சாணையும்

தச்சு வேலை உளியை லேத்தில் வைக்கக் கூடாது. அது மெல்லியது, பிடியும் குட்டை. கடைசல் உளி கனமாக, நீண்ட பிடியோடு இருக்கும். ஹெச்எஸ்எஸ் எனப்படும் அதிவேக எஃகில் செய்ததாக நான்கு போதும். கட்டையை உருட்டி எடுக்க அகலமான குழியுளி, வளைவுகளுக்கு மெல்லிய குழியுளி, வெட்டிப் பிரிக்கவும் அளவு வைக்கவும் பிரிப்புளி, சுரண்டி எடுக்க வட்ட முனைச் சுரண்டுளி. சாய்வுளி பார்க்க எளிமையாக இருக்கும், ஆனால் புதியவர் கையில் அதைப்போல மரத்தைக் கடிப்பது வேறில்லை. அதை ஒரு மாதம் பெட்டியிலேயே விடுங்கள். பழைய அரத்தைத் தேய்த்து உளி செய்யலாம் என்று யாராவது சொல்வார்கள். அரம் கடினமானது, ஆனால் நொறுங்கும் தன்மையுள்ளது. சுழலும் மரம் அடித்தால் கண்ணாடிபோல உடையும். வேண்டாம்.

இயந்திரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் கால் பங்கையாவது உளிக்கும் சாணைக்கும் வையுங்கள். புதியவர்கள் "மரம் சரியில்லை" என்று சொல்லும் இடங்களில் பெரும்பாலும் முனைதான் மழுங்கியிருக்கும். எட்டு அங்குல பெஞ்ச் கிரைண்டரில் வெள்ளை அலுமினியம் ஆக்சைடு சக்கரம் போட்டுக்கொள்ளுங்கள். 80 எண் கரடு போதும். தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாள்மனையைக் கொடுக்கலாம், குழியுளியைக் கொடுக்க முடியாது. அதன் சாய்முகம், அதாவது முனைக்குப் பின்னால் சாய்வாகத் தீட்டிய பரப்பு, ஒரே கோணத்தில் வளைவு முழுக்க ஓட வேண்டும்.

அந்தக் கோணத்தைப் பிடிக்க ஒரு எளிய வழி உண்டு. உளியின் சாய்முகம் முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்பாகப் பூசுங்கள். மோட்டாரைப் போடாமல், உளியைத் தாங்கியில் வைத்து, சக்கரத்தைக் கையால் கால் சுற்று உருட்டுங்கள். இப்போது பாருங்கள். மை முனையில் மட்டும் அழிந்திருந்தால் கோணம் அதிகம், அடியில் மட்டும் அழிந்திருந்தால் குறைவு. மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக அழியும்வரை தாங்கியைச் சரிசெய்து, அப்புறம் மோட்டாரைப் போடுங்கள். அழுத்த வேண்டாம், உளியின் சொந்த எடையே போதும். மெல்லப் புரட்டிக்கொண்டே வந்தால் தீப்பொறி முனையைத் தாண்டி மேலே வரும். அதுதான் முடிந்ததற்கு அடையாளம். உருட்டும் குழியுளிக்கு 45 டிகிரி வைத்துத் தொடங்கலாம். நான் கால்மணி நேரத்துக்கு ஒருமுறை சாணைக்குப் போகிறேன்.

மரம்

தேக்கு வாங்கப் போகாதீர்கள். நானும் தேக்குத் துண்டுகளைத்தான் தேடினேன். பாதி கெட்டுப்போனதும் காசு நினைவுக்கு வந்து கை நடுங்கியது. தேக்கில் உள்ள மணற்சத்து உளியைச் சீக்கிரம் மழுக்கும் என்பதும் சேர்ந்துகொண்டது. நமக்கு மரவாடி விறகுக்கடைதான்.

விறகுக்கடையில் குவிந்து கிடப்பது சீமைக் கருவேலம். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவரப்பட்டு, கண்மாயும் காடுமாகப் பரவி, நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று ஊரே திட்டும் மரம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவிட்டதெல்லாம் பலருக்கு நினைவிருக்கும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மூட்டம் போட்டுக் கரியாக்குகிறார்கள். திட்டுவதைத் திட்டிக்கொள்ளலாம், ஆனால் கடைசலுக்கு இது முதல் தரம். கனமாக இருக்கும், காயும்போது அதிகம் சுருங்காது. வெளியே மஞ்சளாக, "வெள்ளை" என்று சொல்லும் மெல்லிய இளமரம், உள்ளே செம்பழுப்பில் வைரம். மெருகேற்றினால் என்ன மரம் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். சொன்னால் நம்ப மாட்டார்கள்.

கையில் எடுக்கும்போது மூன்று பார்வை. பருமன் மூன்று நான்கு அங்குலத்துக்குக் குறையாமல், ஓரளவு நேராக இருக்கட்டும். வெட்டு முனையில் நட்சத்திரம்போல விரிசல் ஓடியிருந்தால் அந்தப் பகுதியை அறுத்துத் தள்ள வேண்டும் என்று கணக்கில் வையுங்கள். தட்டிப் பாருங்கள், வெள்ளைப் பகுதியிலிருந்து மாவுபோலப் பொடி உதிர்ந்தால் அது உளுத்தது, விட்டுவிடுங்கள். சீமைக் கருவேலத்தின் உள்ளே ஒடிந்த முள்ளோ அடித்த ஆணியோ புதைந்திருக்கும். அதையும் தடவிப் பாருங்கள்.

மற்றவை: பூவரசு மிதமான கடினம், உள்ளே சாக்லேட் நிறம், சமையல் சாமானுக்கு ஏற்றது. புளி மிகக் கடினம், கறிக்கடைக் கட்டைக்கு அதை வைப்பது சும்மா இல்லை. மாவும் கொய்யாவும் பழகுவதற்கு நல்லவை. நத்தம் பக்கம் தோப்புகளில் பழைய மாமரம் வெட்டும்போது கேட்டால் கிளைகளைக் கொடுத்துவிடுவார்கள். வேம்பு பச்சையாக இருக்கும்போது வெண்ணெய்போல வெட்டுப்படும், காய்ந்தால் அதன் தூசி தொண்டையைக் கசக்க வைக்கும். வாகைத் தூசியில் தும்மல் நிற்காது. சந்தனம், ஈட்டி இரண்டின் பக்கமும் போகாதீர்கள், அவற்றுக்கு வனச் சட்டக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன.

நம்மூர் வெயில் மரத்தை விரைவாகக் காயவைக்கும், அதே விரைவில் பிளக்கவும் வைக்கும். ஈரக் கட்டை தன் இரு முனைகள் வழியாகத்தான் வேகமாக ஈரம் விடுகிறது. முனை சுருங்க, நடு சுருங்காமல் நிற்க, விரிசல் விழுகிறது. அதனால் கட்டை வந்த அன்றே முனைகளில் உருக்கிய மெழுகோ பழைய பெயின்டோ கனமாகப் பூசுங்கள். நட்டநடுவில் புள்ளியாகத் தெரியும் சோற்றுப்பகுதி வழியாகக் கட்டையை இரண்டாகப் பிளந்துவிட்டால் இன்னும் பாதுகாப்பு. மொட்டைமாடியில் போடாதீர்கள். நிழலில், தரையில் படாமல், செங்கல்மேல் அடுக்குங்கள். தரையில் வைத்தால் கரையான் உங்களுக்கு முன்பே கடைந்துவிடும். காய்ந்ததா என்று தெரிய சமையலறைத் தராசு போதும். வாரம் ஒருமுறை நிறுத்து, எடையைக் கட்டையிலேயே பென்சிலால் எழுதுங்கள். தொடர்ந்து மூன்று வாரம் எடை குறையாவிட்டால் கடையலாம்.

முதல் நாள்

பச்சை வேப்பங்கிளை ஒன்றை மாட்டி, அதை உருளையாக்கி, கோடுகளும் மணிகளும் பள்ளங்களும் போட்டு, கடைசியில் ஒன்றுமில்லாமல் சுருளாக ஆக்கிவிடுங்கள். பொருள் எதுவும் செய்ய வேண்டாம். இரண்டு மூன்று நாள் இப்படிப் போகட்டும்.

உளி பிடிப்பதில் எல்லாமே ஒரு வரிசையில் அடங்கும். உளி முதலில் தாங்கியில், அதாவது மரத்துக்கு முன்னால் உளியைச் சாத்தும் இரும்புப் பட்டையில் படும், பிறகு சாய்முகத்தின் அடிப்பகுதி மரத்தில் உரசும், அதன் பின்னரே முனை வெட்டத் தொடங்கும். அதாவது பிடியைத் தாழ்த்தி வைத்து, வெட்டாமல் உரச விட்டு, பிடியை மெல்ல உயர்த்தினால் ஒரு இடத்தில் மெல்லிய சுருள் வரும். அங்கேயே நிறுத்துங்கள். வரிசை மாறி முனை முதலில் பட்டால் உளி கடித்துவிடும். "டக்" என்று ஒரு சத்தம், கையில் ஒரு அடி, மரத்தில் ஒரு பள்ளம். கடைசல் பட்டறைப் பெரியவர் ஒருவர் நான் திணறுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உளியத் தள்ளாதீக. சும்மா காட்டுங்க, மரம் தானா வந்து வெட்டிக்கிரும்." அன்று அது புரியவில்லை. பத்து நாள் கழித்து, தூளாகக் கொட்டிக்கொண்டிருந்தது ஒருமுறை நீளமான சுருளாக வந்து முழங்கைவரை ஏறியபோது புரிந்தது.

வேகத்துக்கு ஒரு கணக்கு: விட்டத்தை அங்குலத்தில் எடுத்து நிமிடச் சுற்றால் பெருக்கினால் 6,000 முதல் 9,000க்குள் வரலாம் என்பார்கள். புதியவர்கள் 4,000 தாண்ட வேண்டாம். உருண்டையாகாத கட்டை என்றால் 600, 700 சுற்றில்தான் தொடக்கம்.

கீரை மத்து

முதல் பொருளாக இதைச் சொல்வதற்குக் காரணம், அளவு அரை அங்குலம் தவறினாலும் கீரைக்குத் தெரியாது.

பூவரசுக் கட்டை பன்னிரண்டு அங்குல நீளம், இரண்டே முக்கால் அங்குலச் சதுரம். இரு முனைகளிலும் மூலைக்கு மூலை கோடு போட்டால் வெட்டிக்கொள்ளும் இடம் மையம். ஒரு முனையில் அந்தக் கோடுகள் வழியாக வாளால் லேசாகக் கீறி, மரத்தைக் கவ்விச் சுழற்றும் பல்முனையை இயந்திரத்திலிருந்து கழற்றி அங்கே வைத்துக் கொட்டாப்புளியால் அடித்து இறக்குங்கள். மாட்டிய நிலையில் அடித்தால் பேரிங் கெடும். நான்கு மூலை விளிம்புகளையும் இழைப்புளியால் தட்டிவிட்டால் அதிர்வு பாதியாகக் குறையும்.

கட்டையைப் பல்முனைக்கும், எதிர்ப்பக்கம் மரத்தைத் தாங்கும் கூரான வால்முனைக்கும் நடுவே இறுக்குங்கள். உளித் தாங்கி மரத்திலிருந்து ஒரு பென்சில் தடிமனுக்கும் குறைவான இடைவெளியில், மைய உயரத்தில் இருக்கட்டும். கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி எங்கும் இடிக்கவில்லை என்று பாருங்கள். மரத்துக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நின்று சுவிட்ச் போடுங்கள்.

அகலக் குழியுளியை எடுத்து, வால்முனையிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே தொடங்கி, வெளிப்பக்கமாக வெட்டி வெளியேறுங்கள். அடுத்த வெட்டு இன்னும் இரண்டு அங்குலம் உள்ளேயிருந்து. முனையில் தொடங்கி உள்ளே வெட்டினால் பெரிய சிராய் பிய்ந்து முகத்துக்கு வரும். "டொக் டொக்" என்று விட்டுவிட்டுக் கேட்கும் சத்தம் சீராக "ஸ்ஸ்" என்று மாறினால் கட்டை உருண்டையாகிவிட்டது. இப்போது நிறுத்தி, வால்முனையை மறுபடி இறுக்கி, வேகத்தை 1,400 அளவுக்கு ஏற்றலாம்.

சுழலும் மரத்தில் பென்சிலைத் தொட்டால் வளையமாகக் கோடு விழும். பல்முனைப் பக்கம் அரை அங்குலம் கழிவு, அதை அடுத்து இரண்டரை அங்குலம் தலை, மீதி பிடி, வால்பக்கம் மறுபடி அரை அங்குலம் கழிவு. தலையும் பிடியும் சேரும் இடத்தில் பிரிப்புளியை நேராக உள்ளே விட்டு, விட்டம் அளக்கும் காலிபர் ஒரு அங்குலம் காட்டும்வரை இறக்குங்கள். இதற்கும் கீழே போக வேண்டாம், கீரை கடையும்போது கழுத்தில்தான் பலம் விழும். பிடியில் இன்னும் இரண்டு இடங்களில் இப்படி அளவு வைத்துவிட்டு, நடுவிலுள்ள மேடுகளை எடுங்கள்.

வளைவு வெட்டும்போது மறக்கக் கூடாத ஒன்று, தண்ணீர்போல எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் உளி போக வேண்டும். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறினால் மரநார் எதிர்த்து நின்று பிய்யும். தலையின் அடியைச் சட்டியின் வளைவுக்கு ஒத்து உருட்டுங்கள். உங்கள் வீட்டுக் கீரைச்சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் அளவுகோலே வேண்டாம்.

உளித் தாங்கியை முழுவதும் நகர்த்திவிட்டு உப்புத்தாள் போடுங்கள். 120, 180, 240 என்று வரிசையாக, ஒவ்வொன்றிலும் முந்தைய கீறல் மறையும்வரை. தாளைச் சிறு துண்டாக, மரத்தின் அடிப்பக்கம் பிடியுங்கள், விரலில் சுற்றாதீர்கள். கடைசியில் இரு பக்கக் கழிவையும் அரை அங்குலமாக மெலிய வைத்து, இயந்திரத்தை நிறுத்தி, கைவாளால் அறுங்கள். உரசும் பிடிப்பு வேண்டுமானால் தலையின் அடியில் கூட்டல் குறிபோல இரண்டு வெட்டுப் போடலாம்.

பூச்சு என்று எதுவும் தேவையில்லை. பூச விரும்பினால் மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின். நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் மரத்தில் காயாது, நாளாக ஆகச் சிக்கு வாடை அடிக்கும்.

பம்பரமும் சிமிழும்

பம்பரத்துக்குக் கொய்யாக் கிளை. ஆணி மையத்தில் இறங்காமல் ஆட்டம் போடுவதுதான் எல்லாருக்கும் வரும் குறை. அதற்கு அளக்கவே வேண்டாம். வால்முனை அழுத்திய சிறு குழி மரத்தில் இருக்கும், அது சுழல் அச்சின் சரியான மையம். பம்பரத்தின் கூர்முனை வால்பக்கம் வரும்படி கடைந்து, அந்தக் குழியிலேயே ஆணியைவிட மெல்லிய துளை போட்டு ஆணியை இறக்குங்கள்.

நிறம் வேண்டுமானால் அரக்கு. அம்பாசமுத்திரத்து மரச்செப்பும் கர்நாடகத்துச் சன்னபட்டணப் பொம்மையும் இப்படித்தான் நிறம் பெறுகின்றன. சாயம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்தினால் உரசும் சூட்டிலேயே உருகிப் படியும். தாழை ஓலையை மடித்து அதன்மேல் அழுத்தி ஓட்டினால் திட்டுகள் சமமாகிக் கண்ணாடி மெருகு வரும். அலங்காரப் பொருளுக்கு அவலரக்கை (ஷெல்லாக்) ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் பூசலாம், இயந்திரம் நின்றிருக்கும்போது. ஆளிவிதை எண்ணெய் பூசினால், அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துவிட்டு அப்புறம் எறியுங்கள்.

குங்குமச் சிமிழுக்குச் சக் தேவை, உட்குடையும் பழக்கமும் தேவை. மூன்று மாதம் போகட்டும். மூடியை எவ்வளவு இறுக்கமாக வைப்பது என்பதில்தான் அதன் வித்தை. நன்கு காய்ந்த மரமாக இருந்தாலும் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் ஊதும், பங்குனியில் சுருங்கும். நான் முதல் சிமிழைச் சித்திரையில் கடைந்து, மூடி "பொளக்" என்று சத்தமிட்டுத் திறக்கிறதே என்று பெருமையாக அம்மாவிடம் கொடுத்தேன். ஐப்பசி அடைமழையில் அது அப்படியே பூட்டிக்கொண்டது. அம்மா இரண்டு மாதம் குங்குமத்தைப் பொட்டலத்திலேயே வைத்துக்கொண்டு, தை பிறந்து வெயில் வந்த பிறகுதான் மூடியைக் கழற்ற முடிந்தது. இப்போதெல்லாம் மூடியைக் கவிழ்த்தால் தானே மெல்ல நழுவி விழும் அளவுக்குத் தளர்வாக வைக்கிறேன்.